காயாத லுங்கி

ஆனந்தராஜ் கொல்லப்பட்ட அன்று காலை அவன் மனைவி வனிதா துவைத்துப் போட்ட நீலக்கட்ட லுங்கி இன்று வரை காயவில்லை. பிழிந்து உதறிக் கொல்லைப்பக்கக் கொடியில் விரித்துவிட்டு அவள் திரும்பியபோது அவன் பின்வாசலில் நின்று, "லுங்கி காஞ்சிருச்சா?" என்று கேட்டான். "இப்பத்தான போட்டேன், செத்த பொறுங்க," என்றாள். பொறுக்கிற ஆள் இல்லை அவன். வந்து கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கிழிந்த கால்சட்டையோடு தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டப் போனான். உச்சிப்பொழுதுக்கு முன்பே முந்திரிக்காட்டு ஓரத்து வாய்க்காலில் பின்மண்டையில் அடிபட்டுக் கிடந்தான். போர் மோட்டார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் இலக்கியா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

எடுத்துப் போட்டுக் காரியமெல்லாம் முடிந்து, பதினாறாம் நாள் கழிந்த பிறகுதான் லுங்கி இன்னும் சொட்டிக்கொண்டிருப்பதை வனிதா கவனித்தாள். முதலில் ஊரில் வந்து பார்த்தார்கள். ஒரு பூசாரி குங்குமம் வைத்துப் பார்த்தார். அது கரைந்து வழிந்து ஓடியதால் விட்டுவிட்டார். காவல் நிலையத்தில் இருந்து வந்து, தடயம் என்று சாக்கில் கட்டி ஆலங்குடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சாமான் அறையில் தண்ணீர் தேங்கி, பிடித்து வைத்திருந்த சாராய கேன்கள் மிதக்கத் தொடங்கியதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வனிதா அதைப் பழைய இடத்திலேயே போட்டாள். மழை பொய்த்து ஊர்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்த வருஷங்களிலும் அது நிதானமாகச் சொட்டியது. கீழே தானாக ஒரு முருங்கை வளர்ந்து காய்த்தது. கஜா புயலில் ஊரின் தென்னையும் முந்திரியும் வேரோடு சாய்ந்து, வீட்டு ஓடுகளும் பறந்தபோது, லுங்கி மட்டும் கொடியை விட்டு நகரவில்லை. பிறகு ஊருக்கு அது பழகிப்போனது. புதிதாக வரும் மருமகள்கள் மட்டும் கேட்பார்கள்.

புயல் அன்று அந்த வீட்டுக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றது ஆனந்தராஜின் தம்பி, எதிர்வீட்டு நாகராசு. கொட்டுகிற மழையில் தெருவைத் தாண்டி வந்திருந்தும் அவன் சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்திருப்பான் என்று வனிதா நினைத்துக்கொண்டாள். அண்ணன் போனதில் இருந்து அந்தக் குடும்பத்தை அவன்தான் தாங்கினான். இலக்கியாவை டி.வி.எஸ். வண்டியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டான், அவள் பெரியவளானபோது தாய்மாமன் இல்லாத குறைக்கு அவனே குடிசைக்கு ஓலை கட்டினான், புயலுக்குப் பிறகு கூரையில் ஏறி ஓடு மாற்றினான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். வாரத்தில் பாதி நாள் சாப்பாடு வனிதா வீட்டில்தான். "மதினி, இன்னங் கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க," என்று கேட்டு வாங்கித் தின்பான். தின்றுவிட்டுக் குழாயில் கையைக் கழுவி, அண்ணன் லுங்கியில் ஒரு துடை துடைப்பான். வேறு யார் தொட்டாலும் முழங்கை வரை ஈரமாக்கும் அந்த லுங்கி, நாகராசு கையை மட்டும் நனைத்ததில்லை. வனிதா அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். கூடப்பிறந்தவன் என்பதால் அண்ணன் துணி தம்பியைத் தொந்தரவு செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டாள்; சில நாள் அதை நினைத்து அழுததும் உண்டு.

வழக்கு ஒன்றும் ஆகாமல் மூடப்பட்டது. மறுபடி அதைத் திறந்தது இலக்கியாவின் கல்யாணம். ஆனந்தராஜுக்கு ஓர் அக்கா உண்டு, அழகி. அவளைத் திருமயத்துப் பக்கம் ரெங்கராஜுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மகன் அரவிந்த்குமார் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். இலக்கியா புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாள். இரண்டு பேரும் போனிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அத்தை மகன்தானே, யாருக்கும் தடையில்லை. ஆனால் ஊரில் ஒரு பேச்சு அணையாமல் கிடந்தது. கொலைக்கு முந்தின வாரம் ரெங்கராஜும் ஆனந்தராஜும் சந்தையில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதைப் பலர் பார்த்திருந்தார்கள். அதைவிட ஒன்று. சாவுக்குப் பிறகு ரெங்கராஜ் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. உறவு முறிந்தவர்கள்தான் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் இருப்பார்கள். ரெங்கராஜ் எல்லா நல்லது கெட்டதுக்கும் வருவான், முறையைச் செய்வான், ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விடுவான். அப்பனைக் கொன்றவன் வீட்டுக்கு மகளை விளக்கேற்ற அனுப்ப முடியுமா என்று வனிதா தூக்கமில்லாமல் கிடந்தாள்.

பக்கத்து வீட்டு ஞானமணி முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் மேஸ்திரி. ஓய்வு நேரத்தில் துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளியவள். கடைசிப் பக்கத்துக்கு முன்பே கொலைகாரனைச் சொல்லிவிடுவதாக அவளுக்குப் பெருமை உண்டு. அன்றைக்குத் திருச்சியில் இருந்து வந்த மோப்ப நாயை அவள் மன்னிக்கவே இல்லை. "காட்டுலருந்து கிளம்பி நேரா நம்ம தெருவுக்குள்ள வந்துச்சு. ஒன் வீட்டு வாசல்ல வந்து படுத்துக்கிருச்சு. எழவு வீடு, எல்லாரும் உக்காந்திருக்கோம், அதுவும் வந்து உக்காருது. அதுக்குப் பிஸ்கோத்து வேற," என்பாள். வனிதா விஷயத்தைச் சொன்னதும், "போலீஸு கெடக்கட்டும்டி, நம்ம ரெண்டு பேரும் பாத்துக்குவோம்," என்றாள். இலக்கியா சிரித்தாள். "நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள எனக்கு நரைச்சுரும் பெரியம்மா." "நரைச்சா மை அடிச்சுக்க. தாலி கட்டுனப்பறம் தெரிஞ்சா எதை அடிப்ப?" என்றாள் ஞானமணி. இலக்கியா சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு பேரும் பஸ் மாறி விராலிமலைக்குப் போனார்கள். அந்த வழக்கைப் பார்த்த ஏட்டு அழகுமலை ஓய்வு பெற்று அங்கே நாட்டுக்கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழக்கைவிட லுங்கிதான் நன்றாக நினைவிருந்தது. "இன்னும் சொட்டுதாம்மா? எனக்கு அதுலதான் மெமோ குடுத்தாங்க," என்றார். கோழிகளுக்குத் தீவனம் வைத்து முடித்தார். பிறகு, அன்று ரெங்கராஜ் திருமயத்தில் இருந்ததாக எழுதிக் கொடுத்தது பொய் என்றார். ஆடு மேய்த்த ஒருவர் அவனை முந்திரிக்காட்டில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். மறுநாளே பார்க்கவில்லை என்று மாற்றிவிட்டார். அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஞானமணி, "முடிஞ்சுது கதை. கொன்ன வீட்டுச் சோறு தொண்டையில எறங்காதுடி, அதான் அவன் கை நனைக்கல," என்றாள். அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனந்தராஜின் தெவசம் வந்தது. ஞானமணியின் யோசனைப்படி எல்லோரையும் அழைத்து இலை போட்டார்கள். ரெங்கராஜை மறுக்க விடாமல் கையைப் பிடித்து உட்காரவைத்தாள் வனிதா. பக்கத்து இலையில் நாகராசு. வனிதா சோறு வைத்துக் குழம்பு ஊற்றிவிட்டு எதிரே நின்றாள். நாகராசு பிசைந்து அள்ளினான், வாழைக்காய் பொரியலை மறுபடி கேட்டான். ரெங்கராஜ் ஒரு கவளத்தை உருட்டினான், வாய்வரை கொண்டுபோனான், முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். பெண்கள் இருவரும் பின்னாலேயே போனார்கள். முருங்கையடியில் அவன் குந்தியிருந்தான். மேலே இருந்து லுங்கி அவன் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது, அவன் நகரவில்லை.

"சொல்லுங்கண்ணே," என்றாள் வனிதா. "எம் மகளை ஒங்க வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"அனுப்பலாம் தாயி. எங் கையில ரத்தம் இல்ல. கண்ணுலதான் இருக்கு." அவன் தலையைத் தூக்கவில்லை. "சந்தையில போட்ட சண்டையத் தீத்துக்கலாம்னுதான் அன்னைக்குக் காட்டுக்குப் போனேன். அங்க தண்ணி மொறை யாருக்குன்னு மாப்ளைக்கும் இன்னொருத்தனுக்கும் வாய்ச்சண்டை. மாப்ள மடைய அவன் பக்கம் திறக்க மாட்டேன்னுட்டாரு. அவன் மம்பட்டியத் திருப்பிக் காம்பால போட்டான். ஒரே அடி. நான் ஓடிப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"யாரு அவன்?" என்று கேட்டாள் ஞானமணி. கேட்கும்போதே அவளுக்கும் தெரிந்துவிட்டது. அந்த போர் மோட்டாரில் தண்ணீர் முறை அண்ணன் தம்பி இரண்டு பேருக்குத்தான்.

"ஒன் நாத்தனாருக்குக் கூடப்பொறந்தது ரெண்டு. ஒருத்தன் செத்துக் கெடக்கான். இன்னொருத்தனையும் நான் காட்டிக் குடுத்துட்டு அவ மூஞ்சியில எப்புடி முழிப்பேன்? ஆட்டுக்காரன் கால்லயும் விழுந்தேன். ஒளிச்சுட்டேன் தாயி. ஒளிச்சவன் எந்தக் கையால ஒன் வீட்டுச் சோத்தைத் தொடுறது?" உள்ளே பந்தியில் நாகராசு ரசம் கேட்கும் சத்தம் இங்கே வரை வந்தது.

வனிதா அன்றும் மறுநாளும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். குழம்பு ஊற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானமணி அதற்குப் பிறகு துப்பறியும் நாவல் படிக்கவில்லை. தான் இத்தனை காலம் எதிர்வீட்டு ஆளைப் பார்த்ததே இல்லை என்று கொட்டகைப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பன் இருக்கிறான் என்று ஊரே பேசியது. நாகராசு புதுவேட்டி எடுத்து வந்து காட்டினான். ஒரு காலை நேரத்தில் அவன் கொல்லையில் பந்திப் பந்தலுக்குக் கால் ஊன்றக் குழி போட்டுக்கொண்டிருந்தபோது வனிதா வந்து நின்றாள்.

"தம்பி, அந்த லுங்கிய எடுத்துப் பிழிஞ்சு போடுங்க. பந்தலுக்கு எடஞ்சலா இருக்கு."

அவன் எடுத்தான். முறுக்கினான். தண்ணீர் சரசரவென்று மண்ணில் இறங்கி ஓடியது. அவன் விரல்களில் குழி தோண்டிய புழுதி அப்படியே இருந்தது, ஒரு பொட்டுக்கூட நனையவில்லை.

"ஒங்க அண்ணன் துணிங்கிறதால நனைக்கலன்னு நெனச்சேன்," என்றாள் வனிதா.

நாகராசு தன் கையைப் பார்த்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. "லுங்கி மட்டுமில்ல மதினி. அன்னைக்குலருந்து எதுவும் என்னைய நனைக்கல. கண்மாயில முங்குனா காஞ்சுதான் வாரேன். மழையில நின்னு பாத்துட்டேன். குடிக்கிறது உள்ள போகுது, அவ்வளவுதான். அழுதாக்கூட வர மாட்டேங்குது." பந்தல்குழியைப் பார்த்தபடி கேட்டான். "பாப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் இன்னும் சொல்லல. தாரை நீங்க வாக்க வேணாம். தண்ணி ஒங்க கையில நிக்காது."

அவன் லுங்கியை உதறி, சுருக்கமெடுத்து, கொடியில் ஒழுங்காகப் போட்டான். ஊன்ற வேண்டிய காலை ஊன்றி மண்ணைக் கெட்டித்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஆலங்குடி போகிற டவுன் பஸ்ஸில் ஏறினான். காவல் நிலையத்தில் அவன் சொன்னதை எழுதிக்கொண்டு, ரேகை வைக்கச் சொன்னார்கள். மை அவன் விரலில் ஒட்டவில்லை. புது மை வாங்கி வந்து பார்த்தார்கள். கடைசியில், ரேகை பதியவில்லை என்று அடியில் ஒரு வரி எழுதி அனுப்பிவைத்தார்கள். வழக்கு இப்போது நடக்கிறது, வாய்தா மேல் வாய்தாவாக. சிறையில் அவனை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்திக் குளிக்க அனுப்புகிறார்கள், காய்ந்தபடியே திரும்பி வருகிறான், அங்கேயும் பழகிவிட்டது என்று பார்த்துவிட்டு வந்த ஞானமணி சொன்னாள். வனிதா போகவில்லை.

இலக்கியாவிடம் சொன்ன அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப என்னைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?" அழகி மூன்று நாள் வாசலைப் பெருக்காமல் கிடந்தாள்; கணவனோடும் பேசவில்லை, வனிதாவோடும் பேசவில்லை. ஆனாலும் மகன் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. குறித்த நாளில் வனிதா விடியலிலேயே எழுந்து, ஒரு பித்தளைச் செம்பை லுங்கியின் கீழே வைத்து, நிறையும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாலியறுத்தவள் தாரை வார்க்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். "தண்ணி அவங்க அப்பனோடது. செம்பைப் பிடிக்க ஒரு ஆளு வேணுமில்ல?" என்று ஞானமணி சத்தமாகவே சொன்னாள். வனிதா வார்த்தாள். தண்ணீர் இலக்கியாவின் கையையும் அரவிந்த்குமாரின் கையையும் நனைத்து, மணவறைப் பலகையில் வழிந்தது. பந்தியில் ரெங்கராஜ் அழுதுகொண்டே சாப்பிட்டான். அழகி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

பந்தலைப் பிரித்தபோது, நாகராசு ஊன்றிய காலை மட்டும் ஆட்களால் பிடுங்க முடியவில்லை. அவ்வளவு கெட்டியாக மண் போட்டிருந்தான். அது அங்கேயே நிற்கட்டும் என்று வனிதா சொல்லிவிட்டாள். இப்போது வீட்டில் அவள் மட்டும்தான். காலையில் வாசல் தெளித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் லுங்கியின் ஓரத்தைப் பிடித்துப் பார்ப்பாள். கொலைகாரன் அகப்பட்டுவிட்டான், இனிக் காய்ந்துவிடும் என்று ஊரில் சிலர் எதிர்பார்த்தார்கள். போன சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகியது. லுங்கி காயவில்லை.