பூட்டிய அறைக்கு ஒரு கோப்பைத் தேநீர்

போர் தொடங்கிய வாரம் நான் அழுதேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போருக்காக அழவில்லை. குளியலறைக்கு வானநீல டைல்ஸ் கேட்டிருந்தேன். கடைக்காரன் பாசிப்பச்சை அனுப்பிவிட்டான். என் கணவர் கிரிகோர் அதைப் பிரித்துப் பார்த்து, நிறம் தெரியாத மனிதர், ஒட்டியும் முடித்துவிட்டார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில், உக்ரைன் எல்லையில், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனியில் வரிசையில் நின்றார்கள். எனக்கு டைல்ஸ்தான் பெரிய துக்கம்.

அடுத்த வாரம், எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இடம் தேடி, மேயர் அனடோல் நோட்டும் கையுமாக வந்தார்.

"லியூபா, உங்க வீட்ல எத்தனை பேர் படுக்க இடம் இருக்கு?"

"அடுப்படியில ஒரு சோபா இருக்கு. ரெண்டு பேர் ஒண்டிக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"பின்ன? நானும் அவரும் தோட்டத்துல போய்ப் படுக்கவா?"

மேயர் சிரித்துக்கொண்டே 'இரண்டு' என்று எழுதிக்கொண்டார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை, அவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் மால்டோவாவில் பெரிய அறையை யாரும் படுக்கிற கணக்கில் சேர்ப்பதில்லை. சுவரெல்லாம் ரோஜாப்பூக் கம்பளம், கட்டிலில் கூரையை முட்டும்படி பூவேலைத் தலையணைகள், எல்லாம் மகளுடைய கல்யாணச் சீர். என் மகள் அவுரிகா இத்தாலிக்கு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது, கல்யாணப் பேச்சையே காணோம். அதற்காகச் சீரை விட்டுவிட முடியுமா? தினமும் காலையில் கிண்ணத்தில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். தூசி துடைத்து, தலையணைகளைத் தட்டி நிமிர்த்தி, அதிராமல் கதவைச் சாத்திப் பூட்டுவேன். கதவை அறைந்தால் கூரைச் சுண்ணாம்பு கம்பளத்தில் உதிரும்.

அன்று மாலை ஹலினா வந்தாள். உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்தில் டிராம் ஓட்டியவள். கூடவே ஆறு வயது மகள் ஸோயா, ஒரே ஒரு பை.

"வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மூணு சுவர் இருக்குக்கா. காத்தோட்டத்துக்குக் குறைவில்ல" என்று சிரித்தாள். பிறகு என் குளியலறையைப் பார்த்துவிட்டு, "அய்யோ, என்ன அழகான பச்சை!" என்றாள். கிரிகோர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

தாயும் மகளும் இருப்பதே தெரியாது. நுனிக்காலில் நடப்பார்கள், காதோடு காதாகப் பேசுவார்கள். ஸோயாவுக்கு இருமல் வந்தால் முகத்தைத் தாயின் கோட்டுக்குள் புதைத்துக்கொள்வாள். "என்ன வளர்ப்பு பாத்தியா!" என்று கிரிகோரிடம் மெச்சினேன். அவர் அந்தக் குழந்தைக்கு இருமல் மருந்தாக ராஸ்பெரி ஜாம் ஒரு புட்டி கொடுத்திருந்தார்.

ஆறாம் நாள் தக்காளி நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நானும் கிரிகோரும் உள்ளே வந்தோம். ஹலினா பையைக் கட்டி வைத்திருந்தாள். ஸோயா கோட்டும் குல்லாயுமாக நின்றாள். பெரிய அறை வாசலில் ஒரு முக்காலி, அதன்மேல் தட்டால் மூடிய ஒரு கோப்பைத் தேநீர்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"ஸ்கூலுக்குக்கா. மேயர்கிட்ட கேட்டுட்டேன். விளையாட்டுக் கூடத்துல தரையில இடம் இருக்காம்."

"அந்த ஐஸ் தரையிலயா? புள்ள இருமுது, உனக்கென்ன பைத்தியமா?"

"இருமுறதாலதான் போறோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, பூட்டிய கதவைக் கண்ணால் காட்டினாள். "உள்ள இருக்கறவங்களுக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது? உங்க அம்மாவோ, மாமியாரோ தெரியல. கேட்டா நீங்க கலங்கிடுவீங்கன்னுதான் கேக்கல. தினம் காலைல தண்ணியும் துணியும் கொண்டுபோய்த் துடைச்சு விடுறீங்களே. ஒரு முனகல்கூட வெளிய வரல. ரொம்ப முடியாதவங்க போல."

"டீல என் ஜாம் போட்டிருக்கேன். குடிச்சா சரியாயிடும்" என்று ஸோயா கிசுகிசுத்தாள்.

கிரிகோர் வாயைத் திறந்தார். என்னைக் கேலி செய்யக் கிடைத்த வாய்ப்பை முப்பது வருடத்தில் ஒருமுறைகூட விடாத மனிதர், ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். அதுதான் எனக்கு வலித்தது.

'ஆமாம்மா, என் மாமியார்தான்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவர் செத்துப் பதினோரு வருடமாகிறது. சொல்லியிருந்தால் ஹலினா நம்பியிருப்பாள். தலையணைகள் தப்பித்திருக்கும், ஸோயா ஐஸ் தரையில் படுத்திருப்பாள். என் தலையணைகளுக்குச் சளி பிடிக்கக் கூடாதென்று, மூன்று சுவர் வீட்டுக்காரி தன் பிள்ளையைக் குளிருக்குக் கூட்டிப்போகிறாள். எனக்கு அப்படியொரு வெட்கம் அதுவரை வந்ததில்லை. ஏப்ரனிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன்.

ஹலினா கம்பளங்களைப் பார்த்தாள், தலையணைக் கோபுரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஸோயா நுனிக்காலில் உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழேகூடத் தேடினாள். "அவங்க எங்க?"

"குணமாயிடுச்சு கண்ணு. இப்பதான் எழுந்து நடக்கறா" என்றார் கிரிகோர், என்னையே பார்த்தபடி.

முக்காலியிலிருந்த தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன். ஆறிப்போயிருந்தது, ஜாம் அடியில் கெட்டியாகக் கிடந்தது. அதையும் வழித்துத் தின்றேன். பிறகு மேயருக்குப் போன் போட்டேன்.

"அனடோல், நம்ம ஊர்ல எத்தனை பெரிய அறை இருக்கு?"

"வீட்டுக்கு ஒண்ணு. நூத்திப்பத்து இருக்கும். ஏன்?"

"ஸ்கூல் தரையில எத்தனை பேர் கெடக்காங்க?"

"அறுபது பேர். ஆனா பெரிய அறையில யாரும் படுக்கறதில்லையே லியூபா…"

"அதத்தான் நானும் சொல்றேன். உங்க வீட்லருந்து ஆரம்பிங்க."

சற்று நேரத்தில் மேயர் வீட்டுக் கம்பளங்கள் வேலிமேல் தொங்கியதைக் கிரிகோர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

நான் அடுப்படியில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தபோது பெரிய அறையிலிருந்து ஸோயா இருமுவது கேட்டது. உடனே, பழக்கதோஷம், ஹலினாவின் 'உஷ்'.

"உஷ்ஷாவது ஒண்ணாவது! வாயத் தொறந்து இருமு கண்ணு!" என்று கரண்டியும் கையுமாகக் கத்தினேன்.

ஸோயா இருமினாள். கூரைச் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி, வீடே கேட்கும்படி இருமினாள்.