மேல்மாடியில் ஒரு வெள்ளோட்டம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. மேல்மாடி வீட்டு மருமகள் கேட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். சர்க்கரைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

“அக்கா, நீங்க கதை எழுதுறவங்கதானே? எங்க கதைய எழுதிக் குடுங்க. ரெண்டு முடிவு வேணும். நாங்க போனா என்ன ஆகும்னு ஒண்ணு, போகலன்னா என்ன ஆகும்னு ஒண்ணு. படிச்சுப் பாத்துட்டு எது பரவாயில்லையோ அதைச் செய்றோம்.”

நடக்கப்போவது எழுத்தாளருக்குத் தெரியும் என்று நம்பும் ஒரு வாசகியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிவதே எனக்குத் தெரியாது. ஆனாலும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். எந்தப் பதிப்பாளரும் என்னிடம் இவ்வளவு ஆவலாகக் கதை கேட்டதில்லை.

2

முதல் வரி:

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். ஆனால் —

(இங்கே இரண்டு கரையும் பச்சையாக இல்லை. அடித்துவிட்டேன்.)

மாநிலம் விட்டு மாநிலம் போவதென்பது, வேரோடு பிடுங்கிய மரத்தை —

(இந்த மரத்தைத்தான் எத்தனை பேர் ஏற்கெனவே பிடுங்கிவிட்டார்கள்!)

லிஃப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கையில் ஏற்றமும் இறக்கமும் —

(இதை அந்த மெக்கானிக்கிடமே படித்துக் காட்டினேன். “இந்த ஜோக்க எங்க கம்பெனில சேர்றவங்க எல்லாரும் முதல் நாளே சொல்லிடுவாங்கக்கா” என்றான்.)

சரி, ஜோடனை இல்லாமலே சொல்கிறேன். மேல்வீட்டில் மூன்று பேர். கணவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் போய்வரும் இருட்டுக் கூட்டுக்குள் தொங்கியபடி வேலை செய்து செய்து அவனுடைய வலது தோள் போய்விட்டது. சட்டை மாட்டவே மனைவி கை கொடுக்க வேண்டும். இந்த வேலையை இனிமேல் நினைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து மாநிலத்துக் கிளையில் மேற்பார்வையாளர் வேலை தருவதாகக் கம்பெனி சொல்கிறது. மேசை உண்டு, நாற்காலி உண்டு, தோளுக்கு ஓய்வு உண்டு. இங்கே அப்படி ஓர் இடம் காலியில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஆள் அவனுடைய அப்பா. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சில வருடங்களாகக் கண் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் நடமாடுவதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். டீ போடுவார், துணி மடிப்பார், மழை வந்தால் ஓடிப்போய் ஜன்னல் சாத்துவார். போன மாதம் மின்சாரம் போனபோது மகனுக்கும் மருமகளுக்கும் டார்ச் எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

புது வீட்டில் அவர் இன்னொரு முறை கண்ணை இழக்க வேண்டும். மகனுடைய தோளா, அப்பாவுடைய வீடா? இவ்வளவுதான் சிக்கல்.

3

மருமகள் பாத்திரத்தில் எனக்கொரு சங்கடம். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். மாமனாருக்குக் கண் தெரியாது, மருமகள் ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறாள் என்று எழுதினால், குறியீடு குறியீடு என்று விமர்சகர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அதனால் அவளை ஒரு பேக்கரிக்கு மாற்றினேன். படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டாள்.

“நான் ஏன்க்கா பேக்கரிக்குப் போகணும்? மாவு பட்டாலே எனக்குத் தும்மல் வரும்.”

மறுபடியும் கண்ணாடிக் கடைக்கே அனுப்பிவிட்டேன்.*

* அந்த ஊருக்குப் போக அவளுக்கு விருப்பமா என்று ஒருமுறை கேட்டேன். “அவரு தூக்கத்துலகூட தோளப் பிடிச்சுக்கிட்டு முனகுறாருக்கா” என்றாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

4

இனி, நடந்தது.

லிஃப்ட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்த லிஃப்டில் உடனே ஆளை ஏற்றமாட்டார்கள். முதலில் மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் ஓடவிடுவார்கள். தாங்கினால்தான் மனிதர்கள். இவன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். புதுக் கட்டில் வாங்கியபோது என்னிடமிருந்து விற்காத புத்தகக் கட்டுகளை இரவல் வாங்கிப்போய் நாள் முழுக்க அதில் படுக்கவைத்தான். என் எழுத்து கனமானது என்று அன்றுதான் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

அப்பாவையும் அப்படித்தான் சோதித்தான். புது வீட்டின் வரைபடம் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை, பெரியவரை முடிவெட்டக் கூட்டிப்போக முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள். நாங்கள் கிளம்பியதும், அவன் ஒற்றைக் கையால் தள்ள, அவள் இழுக்க, மேசை, கட்டில், அலமாரி எல்லாம் வரைபடத்தில் உள்ளபடி இடம் மாறிவிட்டன. எனக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அது சோதனையாகாதாம். மூட்டையிடம் சொல்லிவிட்டா ஏற்றுகிறார்கள்?

வாசல் வரை கொண்டுவந்து விட்டேன். என் கையை விட்டுவிட்டு வழக்கம்போல விறுவிறுவென்று உள்ளே போனார். சாவியை வைக்க மேசைப் பக்கம் கை நீட்டினார். மேசை இல்லை. இன்னும் கொஞ்சம் எட்டினார். விரலில் பட்டது அலமாரிக் கதவு. அப்படியே நின்றுவிட்டார். எதிரில் மருமகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். வளையல் சிணுங்கியதில், எதிரே யாரோ ஒரு பெண் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

“மன்னிச்சுக்கங்கம்மா” என்றார். “வீடு மாறி வந்துட்டேன் போலிருக்கு. எனக்குக் கண்ணு தெரியாது. என் வீடு எதுன்னு கொஞ்சம் காட்டுவீங்களா?”

சொந்த மருமகளிடம், முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார். “மாமா!” என்று அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். சுவரோடு சுவராக நின்ற மகனின் முகத்தில் —

(எழுத வரவில்லை. நான் அழுதேன், அவ்வளவுதான்.)

மாலைக்குள் சாமான்கள் பழைய இடத்துக்கே திரும்பின. “தாங்கலக்கா” என்றான் மெக்கானிக். “வரலன்னு சொல்லிடப்போறேன்.”

5

முடிவு அ: அவர்கள் போகவில்லை. அவன் மறுபடியும் அந்த இருட்டுக் கூட்டுக்குள் இறங்குகிறான். ஒருநாள் பிடித்துக்கொண்டிருந்த கை — (நிறுத்திவிட்டேன். இதைப் படிக்கப்போகிறவள் அவன் மனைவி.)

முடிவு ஆ: போகிறார்கள். அங்கே அப்பா கட்டிலை விட்டு இறங்குவதில்லை. டீ கைக்கு வருகிறது. மழை வந்தால் வேறு யாரோ ஜன்னல் சாத்துகிறார்கள்.

முடிவு இ: அவர்கள் அங்கே, அப்பா இங்கே. இந்த முடிவுக்குக் கீழ்வீட்டில் ஒரு தங்கமான மனுஷி தேவைப்படுகிறாள். அப்படியொரு பாத்திரத்தை நம்பும்படி எழுத எனக்கு வரவில்லை.

6

வியாழக்கிழமை மதியம். கணவன் தோளைக் காட்ட ஆஸ்பத்திரிக்கும், மனைவி கடைக்கும் போயிருந்தார்கள். மேலே தரதரவென்று மேசை இழுபடும் சத்தம். எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பெரியவர் தனியாக மேசையைத் தள்ளிக்கொண்டிருந்தார். நெற்றியில் புதிதாக ஒரு புடைப்பு.

“யாரு, எழுத்தாளரம்மாவா? நல்ல நேரத்துலதான் வந்தீங்க. அந்த வீட்டுப் படம் சுவத்துல ஒட்டியிருக்காமே, அலமாரி எங்க வருதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

“அன்னைக்கு உங்க மேல கொஞ்சம்கூட இரக்கம் இல்லாம…” என்று ஆரம்பித்தேன்.

“இரக்கத்துக்கு என்ன குறைச்சல்? சொல்லாம செஞ்சதுதான் கோவம். ரூட்ட மாத்தினா டிரைவர்கிட்ட சொல்ல வேணாமா? எங்க டிப்போல புது ரூட்டுன்னா முதல்ல காலி வண்டியக் குடுத்து, வெள்ளோட்டம் பாத்துட்டு வான்னு அனுப்புவாங்க.” சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. “அவன் சட்ட மாட்டுறப்ப பல்லக் கடிக்கிறது எனக்குக் கேக்குதும்மா.”

“உங்களுக்குப் போக இஷ்டமா?”

“இஷ்டமெல்லாம் இல்ல. பயமாத்தான் இருக்கு. இன்னைக்கு இதுல ஒழுங்கா நடந்துட்டேன்னா, சாயங்காலம் அவங்க வர்றப்ப நானே கதவத் தொறந்து டீ குடுத்து, கிளம்பலாம்னு சொல்லிடுவேன். முடியலன்னா எல்லாத்தையும் பழையபடி தள்ளி வச்சிடலாம். நீங்க மூச்சு விடக்கூடாது.”

நானும் சேர்ந்து தள்ளினேன். எல்லாம் இடத்துக்கு வந்தபின் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

“அந்த வீட்டுல சமையலறைக் கதவு வர்ற இடத்துல போய் நில்லுங்க. நீங்கதான் கதவு.”

நின்றேன்.

“ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. கதவு பேசாது.”

எழுந்துவிட்டார். கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறார். மேசையைத் தொட்டு, சுற்றி, தாண்டிவிட்டார். நான் சொல்லாமல் என் பாத்திரங்கள் யாரும் இதுவரை காலைத் தூக்கி வைத்ததில்லை. இவர் வருகிறார். கொஞ்சம் விலகி வருகிறார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அலமாரியின் முனை அவருக்கு இடப்பக்கம், அந்தப் புடைப்பின் உயரத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரிகிறது. இப்போது உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.