பலகையின் முதுகு

1

ஆயிரத்து இருநூற்று நாற்பது பவுண்டு. வில்ஃப் தாக்ரேவுக்கு ஓல்டன் எஸ்டேட் வைத்திருக்கும் பாக்கி அது. முப்பத்தொரு கஜம் கல்சுவர், கஜத்துக்கு நாற்பது.

இந்தக் கதை அந்தப் பாக்கியில்தான் பிறந்தது. வில்ஃப் நான்தான். வேற்றாள் போல எழுதினால் சுலபமாக வருமா என்று பார்க்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவன் நான். வாக்கியம் சரிந்த இடங்களைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஊதாப் புதர்கள் காற்றில் அலைய, பாறை முகட்டின் மேல் ஒரு மூதாட்டியும் அவளது நாயும்

(வேண்டாம். மூதாட்டி என்றால் ஐவி ஓல்ட்ராய்ட் கைத்தடியை ஓங்குவாள்.)

இரண்டாவது: பிப்ரவரி. மழை பக்கவாட்டில் அடித்தது. வில்ஃப் மேட்டில் சுவர் கட்டிக்கொண்டிருந்தான். ஐவி தன் டெரியர் நாய் ஜிப்பைக் கயிற்றில் பிடித்தபடி முகட்டோடு வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பெரிய பெரிய சட்டிகளைத் தூக்கிய தோள். சுவரில் ஆள் நுழையும் சந்து வந்ததும், பக்கத்தில் அடித்திருந்த வெற்றுப் பலகை மேல் ஜிப் காலைத் தூக்கியது.

"பதினோரு வருஷமா தண்ணி ஊத்துறான். ஒரு இலைகூட விடல" என்றாள். "இந்தச் சந்து வழியை அடைக்கச் சொல்லிட்டாங்களாமே உன்னைய?"

"தடம் யாருக்குன்னு வியாழக்கிழமை விசாரணை. அது முடியட்டும்னு நிறுத்தி வெச்சிருக்காங்க."

"அடைச்சா ஜிப்பைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவேன். பின்னாலயே நானும் குதிப்பேன்."

"உனக்கு எழுபத்தாறு வயசு, ஐவி."

"சுவர் நாலடிதானேடா!"

3

எங்கள் பக்கத்து வழக்கம் இது: யாரிடமும் கேட்காமல், யாரும் தடுக்காமல் ஊர் இருபது வருஷம் நடந்தால் அந்தத் தடம் ஊருக்குச் சொந்தம். ஐவி இருபத்திரண்டு வருஷமாக நடக்கிறாள். முகட்டை விட்டால் அவளுக்குக் கீழே லாரிச் சாலைதான். ஜிப்புக்கு முன்னால் வளர்த்த நாயை அவள் கோட்டில் சுருட்டித் தூக்கி வந்தது அந்தச் சாலையிலிருந்துதான்.

எஸ்டேட்டுக்குக் காட்டுக்கோழி வேட்டை முக்கியம், நாய் ஆகாது. பதினோரு வருஷத்துக்கு முன்பே "தனியார் நிலம், வழியில்லை, நாய் கூடாது" என்று பலகை வைத்துவிட்டோம், அதோடு கணக்கு அறுந்துவிட்டது என்கிறார்கள். போன மாதம் விசாரணைக்காகப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இருந்தபடியே மறுபடி அடித்தார்கள். எழுத்தெல்லாம் சுவரைப் பார்த்து இருந்தது.*

* அடித்தவன் வில்ஃப். மரப்பட்டறையில் கடைக்காரன் அளவையும் விலையையும் பலகையின் முதுகுப் பக்கத்தில்தான் எழுதுவான். எழுத்து இருக்கும் பக்கம் முதுகு என்று வில்ஃப் நினைத்துவிட்டான். (இந்த ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் கதை நிற்காது.)

4

செவ்வாய்க்கிழமை எஸ்டேட் மேலாளர் கிரெஸ்வெல் ஒரு காகிதத்தோடு மேட்டுக்கு வந்தார்.

"என்னப்பா வில்ஃப், கை விறைக்கலையா? ஒரே ஒரு கையெழுத்து. பலகையை நீ ஒழுங்காத்தான் அடிச்சே, அப்புறமா யாரோ திருப்பிட்டாங்க. அவ்வளவுதான். போட்டா பாக்கி மொத்தமும் இன்னைக்கே."

"குடுங்க."

"வாசிச்சுக் காட்டவா? உனக்குத்தான் வராதே."

"வரும் சார்."

வில்ஃப் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். மழை காகிதத்தை நனைத்தது. கிரெஸ்வெல் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். வேண்டுமென்றே நான்—

(வில்ஃப்.)

வேண்டுமென்றே அவன் மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு மடித்து அவரிடமே நீட்டினான். "நல்லா எழுதியிருக்கீங்க சார். நடக்கலைங்கிறதுதான் குறை."

5

முடிவு ஒன்று: வில்ஃப் கையெழுத்துப் போடுகிறான். பாக்கி வருகிறது, அவனுடைய பழுதான வேனுக்குப் புது கியர்பெட்டி. ஐவி லாரிச் சாலையோரமாக ஜிப்பை

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: ஐவி ஜெயிக்கிறாள், ஊரே கைதட்டுகிறது, நாய் குரைக்கிறது. (நாயை விசாரணைக்குள் விடவே இல்லை.)

நடந்தது: வியாழக்கிழமை ஊர் மண்டபத்தில் நான் எழுந்து நின்றேன். இனி வில்ஃப் எதற்கு?

"அப்போ எனக்கு எழுத்து தெரியாது. தலைகீழா வெச்சிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. பலகையை அடிச்ச நாள்லேர்ந்து எழுத்து சுவர்ப் பக்கம்தான்."

பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஐவி திரும்பினாள். "சிரிக்கிறவன் போய் ஒரு கஜம் சுவர் கட்டிட்டு வந்து சிரி."

விசாரணை அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். தீர்ப்பு வர நாலு மாதமாகுமாம். அதை நான் எழுதப்போவதில்லை. எட்டு நாளாக அடைமழை, ஐவி எட்டு நாளும் முகட்டில் நடக்கிறாள். தடம் அவளுடையதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். மேசையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள், ஒருமுறை மேலே ஏறி நடந்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு ஒரே ஒரு முடிவு உண்டு. மண்டபத்து வாசலில் கிரெஸ்வெல் என்னை நிறுத்தினார்.

"ஞாபகப் பிசகுன்னு ஒரு வரி எழுதிக் குடு வில்ஃப். பாக்கி உன் கையில. இல்லேன்னா கோர்ட்டு கோர்ட்டா அலையணும்."

கோட்டுப்பையில் சுவர் வேலைக்கான என் பில் இருந்தது. அவருடைய பேனாவையே வாங்கி, மண்டபச் சுவரில் வைத்து, பில்லின் குறுக்கே ஒரு வரி எழுதினேன். நேரமாயிற்று, "ள்ளு" எனக்கு எப்போதும் தகராறு.

"ஆயிரத்து இருநூற்று நாற்பது தள்ளுபடி."

கீழே என் பெயரையும் முழுசாக எழுதிக் கொடுத்தேன்.