அறுபதுக்கு மேல் நூறு மீட்டர்

"அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை நான் அறுபதுக்கு மேற்பட்டவங்க பந்தயத்துல ஓடப்போறேன்" என்று சின்னக்கா சொன்னதுதான் தாமதம், அவள் தலையில் சாயம் தடவிக்கொண்டிருந்த தூரிகை நடு வகிட்டிலேயே நின்றுவிட்டது.

அந்த அழகு நிலையத்துக்குள் அப்படி ஓர் எண்ணை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"எத்தனைக்கு மேல?" பெரியக்கா கண்ணாடியில் தங்கையைப் பார்த்துக் கேட்டாள்.

"அறுபதுக்கு."

"என் காதுல ஏதோ கோளாறு. இன்னொரு தடவை சொல்லு."

"போன மாசம் எனக்கு அறுபது முடிஞ்சுதுக்கா. உனக்குத் தெரியாததா?"

"மெதுவா பேசுடி. கதவு திறந்து கிடக்கு."

அக்கா தங்கை இருவரும் சேர்ந்து நடத்தும் கடை அது. கீழே கடை, மேலே வீடு. இரண்டு நாற்காலி, சுற்றிலும் கண்ணாடி, ஒவ்வொரு கண்ணாடியைச் சுற்றியும் குட்டிக் குட்டி விளக்கு. மூத்தவள் ஆள் வாட்டசாட்டம், இளையவள் ஒட்டடைக் குச்சி. அதனால் தெருவே அவர்களைப் பெரியக்கா, சின்னக்கா என்றுதான் கூப்பிடும். ஒருத்தி புருவத்தை நூலால் எடுத்தால் வில் வளைத்த மாதிரி இருக்கும். இன்னொருத்தி சாயம் தடவினால் காக்கையே வந்து பார்த்துப் பொறாமைப்படும். அப்படித் தொழில் தெரிந்தவர்கள்.

வயதை மட்டும் நிறுத்திவைத்துவிட்டார்கள். சின்னக்கா ஐம்பத்திரண்டிலும் பெரியக்கா ஐம்பத்துநான்கிலும் நின்று எட்டு வருஷமாகிறது. வாடிக்கைக்காரர்களிடம் அதுதான் கணக்கு. வாக்காளர் அட்டைக்காக வீட்டுக்கு வந்து பெயர் பதிந்து போனவர் வயதைக் கேட்டபோதும் பெரியக்கா அதையே சொல்லிவைத்தாள். ஆகவே சின்னக்காவின் அடையாள அட்டையிலும் எட்டு வருஷம் குறைவுதான். இதில் ஒரு சிக்கல் என்ன தெரியுமா கண்ணுகளா? இரண்டு பேர் வயதும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடு. ஒன்று எழுந்து நடந்தால் மற்றதும் எழுந்தே ஆகவேண்டும்.

"நீ அறுபதுன்னா அப்புறம் நான் என்ன?" என்றாள் பெரியக்கா.

"அறுபத்திரண்டு."

"அந்த எண்ணெல்லாம் எனக்கு ஒத்துக்காது. ஐம்பதுக்கு மேல்னு ஒரு பந்தயம் இருக்கே, அதுல ஓடேன். யாரு வேணாங்கிறா?"

"அதுல பால்பூத்துக்காரி ஓடுறா. ஐம்பது முடிஞ்ச கையோட குதிரை மாதிரி வந்து நிக்கிறா. அதுல நான் கடைசி. இதுல ஜெயிப்பேன்க்கா. நிச்சயமா ஜெயிப்பேன்."

"ஜெயிச்சு என்ன பண்ணப் போறே?"

நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், சின்னக்கா கடைக்குச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பேருந்து கிளம்பிவிட்டது. கையில் பையோடு ஓடினாள். சும்மா தொட்டுப் பார்ப்போம் என்றுதான் ஓடினாள். பார்த்தால், கால் ஓடுகிறது. அடுத்த நிறுத்தம் வரை ஓடி, பேருந்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் கை தட்டினார்கள். மூச்சு வாங்க வாங்க ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. முப்பது வருஷமாகக் கழுத்துக்கு மேலேயே குடியிருந்துவிட்டோமே, கீழே இப்படி ஒரு ஜோடிக் கால் சும்மா கிடந்ததே என்று இருந்தது. மறுநாளிலிருந்து விடிவதற்கு முன் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுவாள். நடக்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஓடுவாள்.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது? "ஆசையா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"நம்ம மூஞ்சிதான் நம்ம கடைக்கு போர்டு. அதுல நீயே கரியைப் பூசிட்டு வரேங்கிறே." பெரியக்கா தூரிகையைக் கிண்ணத்தில் எறிந்தாள். "போ. நல்லா ஓடு. அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே."

நாலு பக்கமும் கண்ணாடி உள்ள கடையில் ஒருத்தி மூஞ்சியில் இன்னொருத்தி முழிக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனாலும் அந்த வாரம் முழுக்க இருவரும் அதைச் செய்து காட்டினார்கள். சின்னக்காவுக்குப் பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெளுப்பு. மிச்சத்தை அவளே கைக்கு எட்டியவரை தடவிக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று கிடந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. கழுத்தில் விசிலைத் தொங்கவிட்ட மாஸ்டர் ஒருவர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் முன்னாலும் ஒலிவாங்கியை நீட்டினார். வயதைச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

முதலில் தபால்காரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், தலை வெள்ளைவெளேரென்று பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும். மூன்று வருஷமாக அவள்தான் முதல். "அறுபத்தேழு. போன வருஷம் அறுபத்தாறு. அதுக்கு முந்தின வருஷம் என்னன்னு நீங்களே கூட்டிக் கழிச்சுக்கங்க" என்றாள். கூட்டம் சிரித்தது.

அடுத்து மருந்துக்கடைக்காரம்மா. அவள் சின்னக்காவின் நெடுநாள் வாடிக்கை. "அறுபத்தொண்ணு" என்றவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்துத் திகைத்தாள். "நீங்க எங்க இங்க? உங்க கோடு அந்தப் பக்கம்."

ஒலிவாங்கி சின்னக்காவின் வாய்க்கு நேரே வந்துவிட்டது. நெஞ்சு திக்திக்கென்று அடிப்பது ஒலிபெருக்கியில் கேட்டுவிடுமோ என்று பயந்தாள். கூட்டத்தில் பாதிப்பேர் அவள் கையால் முகம் திருத்திக்கொண்டவர்கள்.

"அறுபது" என்றாள்.

கூட்டத்திலிருந்து யாரோ "சும்மா விளையாடுறாங்க" என்றார்கள்.

"ஐம்பத்திரண்டு மாஸ்டர் இவங்களுக்கு" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. "என் புருவத்தை எடுக்கும்போது அவங்க வாயாலயே சொன்னது. 'உங்க வயசு வர்றப்போ நானும் உங்கள மாதிரி இருந்தா போதும்'னு வேற சொன்னாங்க. கொடுப்பினைன்னு நினைச்சு நானும் பூரிச்சுப் போயிட்டேன்."

சின்னக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாஸ்டர் அட்டை கேட்டார். அட்டையைக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"இதுலயும் ஐம்பத்திரண்டுதாம்மா இருக்கு."

"அது தப்புங்க."

"எல்லாரும் வயசு கூட இருக்குன்னு வருவாங்க. குறைச்சலா இருக்குன்னு அழுவற ஆளை இப்பத்தான் பாக்குறேன். உங்களுக்கு அறுபதுன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?"

உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளோ மூஞ்சியில் முழிக்காதே என்று சொன்னவள்.

"ஓடட்டும் விடுங்க மாஸ்டர்" என்றாள் தபால்காரம்மா, முழங்காலைத் தடவிவிட்டபடி. "என்னைத் தாண்டினா அப்புறம் பேசிக்கலாம். தாண்டலைன்னா பேச்சே இல்லையே."

மாஸ்டர் விசில் ஊதினார்.

அடேயப்பா, அந்த ஓட்டத்தை என்னென்று சொல்வது! தபால்காரம்மா முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்த காலை எட்டிப் போட்டாள். சின்னக்கா அவளுக்கு நாலடி பின்னால். காற்று காதில் உறுமியது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஓட்டத்துக்கென்றே கவனமாக வரைந்த புருவ மை வியர்வையில் கரைந்து கண்ணோரம் இறங்கியது. வாய் கோணியது, கன்னம் குலுங்கியது. வாழ்நாளில் முதல் தடவையாக, பார்க்க எப்படி இருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. கால் தரையைத் தொடுவதும் தரை காலைத் தூக்கிவிடுவதும் மட்டும்தான் இருந்தது. நாலடி மூன்றடியானது. பாதித் தூரம் போயிருக்கும், வேலிப்பக்கமிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"என்னடி அன்னநடை நடக்கிறே? ஓடுடி!"

யார் குரலென்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் குரலுக்குப் பயந்துதான் சின்ன வயதில் பல் தேய்த்தாள், பாடம் படித்தாள், தலை சீவினாள். இப்போதும் அதே பயத்தில், அதே பழக்கத்தில் உடம்பு தானாக முன்னால் பாய்ந்தது. இரண்டடி. ஒரு முழம். கோட்டைத் தாண்டும்போது சின்னக்காவின் நெஞ்சு தபால்காரம்மாவின் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. மருந்துக்கடைக்காரம்மா மூன்றாவதாக வந்து, மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் "செல்லாது, செல்லாது" என்றாள்.

தபால்காரம்மா குனிந்து நின்று இரைத்தாள். "என்னைத் தாண்டினது நிஜம். அது மட்டும் எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் சரி" என்றார் மாஸ்டர், பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே. "சாட்சி வேணுமே."

கூட்டம் விலகியது. பெரியக்கா வந்தாள். வெயில் பட்டு முகம் கறுத்துவிடாமல் குடை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, உதட்டில் சாயம், ஒரு முடி இடம் மாறாத கொண்டை. தேர் அசைந்து வருகிற மாதிரி வந்து ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினாள். எனக்காக அக்கா தன் வயதையே கொடுக்கப் போகிறாளே, எப்பேர்ப்பட்ட மனசு என்று சின்னக்காவின் கண்ணில் நீர் முட்டியது.

"இவளுக்கு அறுபதுதான்" என்றாள் பெரியக்கா. "போன மாசம் முடிஞ்சுது. கூடப் பிறந்தவ சொல்றேன், இதைவிடச் சாட்சி வேணுமா?"

மாஸ்டர் தலையாட்டினார். மருந்துக்கடைக்காரம்மா விடுவதாக இல்லை. "அப்ப உங்களுக்கு என்ன வயசு பெரியக்கா?"

"எனக்கு ஐம்பத்துநாலு. உங்களுக்குத்தான் தெரியுமே."

"அதெப்படி?"

"எப்படின்னா?" பெரியக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இவதான் எனக்கு அக்கா. ஆறு வருஷம் மூத்தவ."

சின்னக்காவின் கண்ணில் முட்டிய நீர் அங்கேயே வற்றிப்போனது.

"நான் ஆள் கொஞ்சம் பெரிசு. நீங்களா பெரியக்கான்னு பேரு வச்சீங்க. நான் என்னிக்காவது மூத்தவன்னு சொன்னேனா?" பெரியக்கா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "பாவம், வயசை மறைக்கணும்னு இவதான் என்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. சரி, மூத்தவ ஆசைப்படுறா, போகட்டும்னு நானும் பொறுத்துக்கிட்டேன்."

கூட்டம் 'உச்' கொட்டியது. என்ன தாராளம், என்ன பொறுமை என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. தபால்காரம்மா மட்டும் அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேர் வயசையும் ஒரே கிண்ணத்துல போட்டுக் கலக்கி, ஆளுக்கு வேண்டியதைத் தடவிக்கிட்டீங்க போல" என்றாள். அவள் உதட்டோரம் சிரிப்பு ஒளிந்திருந்தது.

மாஸ்டர் சின்னக்காவிடம் திரும்பினார். "இவங்க உங்க தங்கச்சியா?"

அத்தனை கண்ணும் அவள்மேல் இருந்தது. இல்லை என்றால் சாட்சி பொய். சாட்சி பொய்யென்றால் பதக்கம் இல்லை, அந்த ஒரு சாண் இல்லை, ஓடியதே இல்லை என்றாகிவிடும். ஆமாம் என்றால் இனிமேல் அந்தத் தெருவில் சாகும்வரை அவள்தான் மூத்தவள். பெரியக்காவைப் பார்த்தாள். பூசிய மாவுக்கு அடியில் பெரியக்காவின் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றாள் சின்னக்கா. "என் தங்கச்சிதான். சின்னப் பிள்ளையிலேருந்து நான்தான் தூக்கி வளர்த்தேன்."

பதக்கம் கழுத்தில் ஏறியது. கைதட்டல் காதைப் பிளந்தது. பால்பூத்துக்காரி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரம்மா, "இந்த வயசுல இப்படித் தோல் வச்சிருக்க என்னதான் தடவுறீங்க?" என்று காதோடு கேட்டு, அங்கேயே செவ்வாய்க்கிழமைக்கு நேரம் குறித்துக்கொண்டாள். சின்னக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுபடியும் விசில் ஊதினால் மறுபடியும் ஓடியிருப்பாள்.

தாகமாக இருந்தது. தண்ணீர்க் குடம் மைதானத்தின் மறு கோடியில் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. அறுபது வருஷத்தில் ஒரு தடவைகூட வாயில் வராத வார்த்தை அது. எல்லார் முன்னாலும், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஏய், அங்க என்னடி பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறே? அக்காவுக்குத் தண்ணி கொண்டா."

மருந்துக்கடைக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியக்கா குடையை மடக்கினாள், வெயிலில் இறங்கி நடந்தாள், தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இந்தா" என்றாள் பல்லுக்குள்.

"இந்தாவா?"

"இந்தாங்க... அக்கா."

திரும்பும் வழியில் பெரியக்காவின் தோளில் தங்கையின் பை, கையில் தங்கையின் ஷூ. சின்னக்கா வெறுங்காலோடு, பதக்கம் ஆட ஆட முன்னால் போனாள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் நின்று விசாரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் சின்னக்கா முதலிலிருந்து கதை சொன்னாள். ஒவ்வொரு கதையிலும் தபால்காரம்மா இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினாள்.

தெரு காலியான ஓர் இடத்தில் பெரியக்கா சீறினாள். "ரொம்ப ஆடாதேடி. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நான்தான் அக்கா. தெரிஞ்சுதா?"

"தெரியும்" என்றாள் சின்னக்கா. "வீட்டுக்கு இன்னும் நாலு தெரு இருக்கு."

என்றவள், மைதானத்தில் அத்தனை வேகமாக ஓடிய அதே காலை, அடிமேல் அடி வைத்து ஆமை மாதிரி நகர்த்த ஆரம்பித்தாள்.