பதினேழாம் புள்ளி

கறிவேப்பிலை மரத்தில் சுற்றியிருந்த சிவப்பு வெள்ளை நாடாவை ரக்ஷனா நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தாள். முப்பதடி தள்ளி, அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், அவளுடைய அப்பா துரைசாமி பெட்டிக்குள் படுத்திருந்தார். இரண்டரைக்கு மண்டாய் மயானத்துக்குக் கிளம்ப வேண்டும். மணி இரண்டு.

நாடாவோடு நோட்டீஸும் கையில் வந்தது. அனுமதியின்றி நடப்பட்ட மரம், உரிமையாளர் யாரென்று தெரியவில்லை, வெள்ளிக்கிழமை, அதாவது இன்றைக்கு, அகற்றப்படும் என்று நான்கு மொழிகளில் போட்டிருந்தது. அப்பா நட்டு, பதினைந்து வருஷமாகப் பாதி புளோக்குக்குத் தாளிக்க இலை கொடுத்த மரத்துக்கு உரிமையாளர் தெரியவில்லையாம். இலை வேண்டியவர்கள் கீழே நின்று மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்து, "அங்கிள், ரெண்டு கொத்து!" என்று குரல் கொடுப்பார்கள். "கிளைய ஒடிக்காம எடுங்க" என்று மேலிருந்து அப்பாவின் பதில் வரும். சாங்கி விமான நிலையத்தில் முப்பது வருஷம் சரக்கு ஏற்றி ஓய்வுபெற்றவருக்கு அந்த ஜன்னல்தான் ஆபீஸ். கேட்காமல் பறிப்பவர்களிடம் மட்டும் சண்டைக்குப் போவார்.

நோட்டீஸ் ஒட்டியது திங்கட்கிழமை. "வெட்டித்தான் பாக்கட்டுமே" என்றார். புதன்கிழமை காலை காப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, குடியிருப்பைப் பராமரிக்கும் எஸ்டேட் ஆபீஸின் அதிகாரி அர்ஃபான் வந்தான். அவளைவிட இரண்டு வயது பெரியவனாக இருப்பான். பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"சாரி லா, சிஸ்டர். இப்ப வெட்ட மாட்டோம். ஒரு மரியாதை இருக்குல்ல. உங்க வண்டி கிளம்பினப்புறம்தான் ஆரம்பிப்போம்."

அந்த மரியாதையை அவன் முகத்திலேயே விட்டெறிய வேண்டும் போலிருந்தது ரக்ஷனாவுக்கு.

"யாரு கம்ப்ளைன் பண்ணா?"

"கம்ப்ளைன்லாம் இல்ல. மேப்ல இருக்கு." கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பினான். தெம்பனிஸ் பேட்டை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். "யுனிவர்சிட்டில யாரோ பண்ணது. ரொம்ப யூஸ்ஃபுல்."

யாரோ இல்லை. அந்தப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுக்கவே அவளுக்கு ஒரு மாலை ஆயிற்று. அடுக்குமாடியில் வாழ்பவர்கள் செடிகொடிகளோடு என்ன உறவு வைத்திருக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். உங்கள் பெயர் எங்கேயும் வராது என்று ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பெயர் வரவில்லைதான். அப்பாகூட அதில் 'பங்கேற்பாளர் 17'. "நான்தான் பதினேழு" என்று காப்பிக்கடையில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பெயரை மறைத்து எண் போட்ட புத்திசாலிக்கு, அந்த எண்ணுக்கான புள்ளி நிற்கும் இடத்தை மறைக்கத் தோன்றவில்லை. ஆய்வை வாசித்த கருத்தரங்கு முடிந்து யாரோ ஒரு அதிகாரி, வரைபடம் அருமை, ஒரு பிரதி கிடைக்குமா என்றார். பெருமை தலைக்கேறி அன்றைக்கே அனுப்பிவைத்தாள்.

அம்மா சரஸ்வதி பெட்டியருகே மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ரக்ஷனா அவள் காதருகே குனிந்தாள்.

"அம்மா, மரத்தக் காட்டிக் குடுத்தது நான்தாம்மா. அது என்னோட மேப்."

அம்மாவின் கை நிற்கவில்லை.

"அவருக்குத் தெரியும்."

"எப்படி?"

"திங்கக்கிழமையே எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. பதினேழாம் நம்பர்னாங்களாம். ஐயோ, நம்ம பாப்பா பண்ணதாச்சேன்னு சிரிச்சாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

ரக்ஷனா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது, தன்மேல், அந்த லாரிமேல், சிரித்துவிட்டுப் போன அப்பாவின் மேலும்.

வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியை மூடினார்கள். கொள்ளிவைக்கப்போகும் தம்பி ரித்திக், ஈர வேட்டியோடு ஓடிவந்தான்.

"அக்கா, பஸ் கிளம்புது. வா."

"நான் வரல."

"என்ன பேசற நீ? அப்பா போறாரு!"

"நான் வந்தா மரம் போயிடும்."

பெத்த பொண்ணே வராமலா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த அம்மா திரும்பினாள்.

"அவர்கூடப் போக நாப்பது பேர் இருக்கோம். அவ இங்க இருக்கட்டும்."

ரக்ஷனா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போய் மரத்தடியில் போட்டாள். வருகைப் பதிவேட்டு மேசையிலிருந்த மார்க்கரை எடுத்து, நோட்டீஸின் மேல் பெரிதாக எழுதினாள். உரிமையாளர்: துரைசாமி, 03-118. அதன்கீழே: இப்போது மகள் ரக்ஷனா, அதே வீடு. அதே நாடாவால் மரத்தில் கட்டினாள். அப்பாவின் வண்டி சாலை முனையில் திரும்பும்வரை நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

இரண்டு தொழிலாளர்கள் ரம்பத்தோடு இறங்கினார்கள். அர்ஃபான் தயங்கித் தயங்கி வந்தான்.

"சிஸ்டர், எழுந்திருங்க. என் வேல லா இது."

"ஓனர் தெரியலன்னு போட்டிருந்தீங்க. இப்ப தெரிஞ்சிடுச்சில்ல? எனக்கு லெட்டர் போடுங்க."

"இது ஒரு மரம் மட்டும் இல்ல. மேப்ல முப்பத்தொம்போது இருக்கு."

"தெரியும். அத வரைஞ்சவளே நான்தான். மிச்சம் முப்பத்தெட்டுக்கும் வந்து உக்காருவேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு நோட்டீஸைப் படம்பிடித்தான், யாருக்கோ போன் பண்ணினான், ரொம்ப நேரம் "யெஸ் சார்" சொன்னான். கடைசியில் ரம்பம் லாரிக்குத் திரும்பியது.

"திங்கக்கிழமை வருவோம்."

"வாங்க. நாற்காலி இங்கதான் இருக்கும்."

பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் அவளிடம் வந்து, முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஒன்றை விட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு ஐந்தாம் மாடி சம்சுன்னிசா ஆன்ட்டி கையில் சின்னத் தட்டோடு வந்தார். மண்டாய் போனவர்கள் திரும்பிவந்து சாப்பிட, அவர் வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் நின்று, பழக்கதோஷத்தில் மூன்றாவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"எடுங்க ஆன்ட்டி" என்றாள் ரக்ஷனா. "கிளைய ஒடிக்காம."