நீராவியைக் குடித்தது யார்

கடற்படையில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவருக்கு வேலை தேடித் தரும் பொறுப்பை மைத்துனன் தன் தலையில் போட்டுக்கொண்டான். அவர் எழுதித் தந்த விண்ணப்பம் ஏழு பக்கம் இருந்தது. நாலாம் பக்கத்திலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, இதுல நீங்க யாருன்னே புரியல. மோட்டார் ரிப்பேர்னு இருக்கு, தண்ணி சோதனைன்னு இருக்கு, அப்புறம் வெல்டிங், அப்புறம் கதிர்வீச்சு அளக்கறது. இது ஒரு ஆளா, இல்ல ஒரு தெருவா?"

"ஒரே ஆள்தான்டா. கப்பல் தண்ணிக்குள்ள போயிட்டா வெளியிலேர்ந்து யாரைக் கூப்பிடறது? எல்லா வேலையும் எல்லாருக்கும் தெரிஞ்சாகணும்."

அணு உலையால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலில் அவர் தொழில்நுட்பராக இருந்தார். உலை தண்ணீரைக் கொதிக்க வைக்கும், நீராவி கப்பலை ஓட்டும். நடுவில் இருக்கும் குழாய், பம்பு, கம்பி, அழுத்தம் காட்டும் முள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்தால்தான் அங்கே தேர்ச்சி. அவரும் வரைந்து தேறியவர்தான். ஆனால் கரையில் அதற்கெல்லாம் பெயர் கிடையாது. பத்து இடத்தில் வேலை கேட்டார், பத்து இடத்திலும் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள்.

பதினோராவது இடம் ஒரு பெரிய மருத்துவமனை. பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் வேண்டும். நேர்முகத்தில் தலைமை மருத்துவரே உட்கார்ந்திருந்தார். எலும்பு அறுவை சிகிச்சையில் பெரிய கை, குரலும் அதே அளவு.

"நீங்க எதுல ஸ்பெஷலிஸ்ட்?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க டாக்டர். எல்லாத்துலயும் கொஞ்சம்."

"இங்க முழங்காலுக்கு ஒருத்தர், கணுக்காலுக்கு ஒருத்தர்னு வச்சிருக்கோம். எல்லாத்துலயும் கொஞ்சம்னா எந்தக் கதவுல பேர் எழுதறது?"

கதவு இல்லாத கொதிகலன் அறைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் பார்க்கலாம், அப்புறம் சொல்கிறோம் என்ற பேச்சு. சேர்ந்த இரண்டாம் நாளே அங்கிருந்தவர்கள் அவருக்கு 'அணு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மின்சாரம் போனபோது ஒருவன், "அணு அண்ணே, சட்டையைக் கழட்டுங்க, வெளிச்சம் வரட்டும்" என்றான். அணு சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்தார்.

மருத்துவமனையில் அப்போது ஒரு தலைவலி ஓடிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சைக் கருவிகளைத் துணியில் பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து, நீராவியில் கிருமி நீக்குவார்கள். பொட்டலம் காய்ந்து வெளியே வர வேண்டும். ஈரமாக வந்தால் அதைத் தொடக்கூடாது, மறுபடி முதலிலிருந்து. அந்தப் பெட்டி வாரத்தில் சில நாள் மதியம் மட்டும் பொட்டலங்களைத் துவைத்த துணி மாதிரி சொட்டச் சொட்டக் கொடுத்தது. மாலை அறுவைகள் தள்ளிப்போயின. எல்லோரையும்விட அதிகம் கத்தியவர் தலைமை மருத்துவர். "நோயாளி மேசையில படுத்திருக்கார், கருவி குளிச்சிட்டு இருக்கா?" என்று தாழ்வாரமே அதிர்ந்தது.

பெட்டி செய்த நிறுவனத்தின் ஆள் வந்தார், மின்சாரக்காரர் வந்தார், கொதிகலன்காரர் வந்தார். மூவரும் வந்தது காலை பத்து மணிக்கு. காலையில் எல்லாம் சமர்த்தாக இருந்தது. "எங்க பக்கம் கோளாறு இல்ல" என்று மூவரும் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

அணு யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, கொதிகலன் அருகே இருக்கும் அழுத்தமானியையும் ஆட்டோகிளேவ் அருகே இருப்பதையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதினார். மேலேயும் கீழேயும் ஓடி ஓடி இரண்டு வாரத்தில் மூன்று கிலோ இளைத்தார். அறுவை அரங்கின் தலைமைச் செவிலி, எல்லோருக்கும் சிஸ்டர், அவரைச் சந்தேகமாகவே பார்த்தார்.

"நோட்டுல எழுதினா பொட்டலம் காஞ்சிடுமா?"

"பாருங்க சிஸ்டர். திங்கள், புதன், வெள்ளி. ரெண்டு பத்துக்கு இங்க முள் விழுது, அழுத்தம் இல்லாம பொட்டலம் ஈரமாயிடுது, ரெண்டு நாப்பதுக்கு முள் ஏறுது. கீழ கொதிகலன்ல முள் அசையவே இல்ல. அப்போ நடுவுல யாரோ நீராவியைக் குடிக்கிறாங்க."

சிஸ்டர் நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். "இன்னைக்குப் புதன்" என்றார். "நானும் வர்றேன்."

ஒரு இளம் செவிலியைக் கைபேசியோடு ஆட்டோகிளேவ் முன்னால் நிறுத்திவிட்டு இருவரும் கிளம்பினார்கள். குழாய் நிலத்தடி வழியாகப் போய், துணி அறையைத் தாண்டி, சுவருக்குள் புகுந்து மேலேறியது. அணு ஏணி போட்டு, கூரைப் பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டார்.

"வரைபடத்துல இல்லாத ஒரு கிளை இங்க பிரியுது. வேற நிறப் பெயின்ட்."

கிளையைப் பின்தொடர்ந்து இரண்டாம் மாடி மூலைக்கு வந்தார்கள். கதவில் 'பழைய கோப்புகள். உள்ளே வரக்கூடாது' என்ற காகிதம். உள்ளேயிருந்து யாரோ பாட்டு முனகும் சத்தம். கதவின் அடியில் வெள்ளையாக ஆவி கசிந்தது.

அணு தட்டினார். பாட்டு நின்றது.

"யாரது?" அந்தக் குரலைத் தெரியாதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

"பராமரிப்பு, டாக்டர்."

"நான்... கோப்பு பார்த்துட்டு இருக்கேன்."

"கோப்பெல்லாம் நனைஞ்சிருக்குமே டாக்டர்" என்றார் சிஸ்டர்.

பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. இடுப்பில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு, மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளே ஓடு பதித்த சின்ன அறை, ஒரு பெஞ்சு. முன்பிருந்த ஒரு தலைமை மருத்துவருக்காக யாரோ போட்டுக் கொடுத்த ஆவிக்குளியல் அறை. நாற்காலியோடு சேர்த்து அதுவும் இவருக்கு வந்திருக்கிறது.

அணு மனசுக்குள் கணக்குப் போட்டார். மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். ஆனால் வாய் பழைய கப்பல் பழக்கத்தில் தானாகப் பேசிவிட்டது.

"டாக்டர், உங்க வலது கைப்பக்கம் இருக்கற வால்வை மூடுங்க."

"என்னது?"

"மூடுங்க. மூடினதும் 'மூடிட்டேன்'னு சொல்லணும்."

தலைமை மருத்துவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கிர்ர் கிர்ரென்று வால்வு திரும்பியது.

"மூடிட்டேன்!"

சில நொடிகளில் கைபேசிக்குள் இளம் செவிலி கூவியது மூவருக்குமே கேட்டது: "சிஸ்டர், முள் ஏறுது! ஏறுது!"

தலைமை மருத்துவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "காலையிலேர்ந்து நின்னுட்டே அறுக்கறேன்யா. முதுகு போயிடுது. அதான் அரை மணி நேரம்..." பிறகு மெதுவாக, "அப்போ இத்தனை நாளா நான்தானா?" என்றார். அவர் முகத்தில் வழிந்தது முழுக்க ஆவி அல்ல என்று அணுவுக்குத் தோன்றியது.

"இதை எழுதணுமா?"

"எழுதணும் டாக்டர். இல்லைன்னா அடுத்து வர்றவன் மறுபடியும் முதல்லேர்ந்து தேடுவான்."

எழுதினார். நேரம், அழுத்தம், கிளைக்குழாய் இருந்த இடம், வால்வு மூடப்பட்டது. துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று மாலை வீட்டில் சோபாவில் சாய்ந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"வேலை போயிடும்னு நினைக்கறேன். உத்தரவு போட்டுட்டேன்."

"யாருக்கு?"

"தலைமை டாக்டருக்கு. துண்டு கட்டிட்டு இருந்தார்."

முழுக் கதையும் கேட்ட மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூடிட்டேன்னு சொல்ல வச்சீங்களா? இந்த வீட்ல குழாயை மூட நான் கத்தினா மட்டும் ஒருத்தரும் சொல்றதில்ல." அதற்குப் பிறகுதான் அணுவுக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் கூட்டத்தில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் இருந்தார்கள். தலைமை மருத்துவர் எழுந்தார். "மதிய ஈரத்துக்குக் காரணம் கிடைச்சிருச்சு. காரணம் நான்" என்றார். விவரம் முழுவதையும் அவரே சொன்னார், துண்டையும் சேர்த்து. அறை வெடித்துச் சிரித்தது. அவரும் காது சிவக்கச் சிரித்தார். மாலை அறுவை தள்ளிப்போன நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் தானே போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார், கேட்கவும் செய்தார்.

அந்தக் கிளையை அணு தன் கையாலேயே அறுத்து, வாயை வெல்டிங் வைத்து அடைத்தார். பொட்டலங்கள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று வந்தன. ஒன்பதாம் நாள் வேலை நிரந்தரம் என்ற கடிதமும் வந்தது.

அடுத்த வெள்ளி, மதியம் இரண்டு மணிக்குக் கொதிகலன் அறை வாசலில் தலைமை மருத்துவர் தயங்கி நின்றார். முழுக்கைச் சட்டை, டை எல்லாம் சரியாக இருந்தன.

"இந்தச் சுவர் சூடா இருக்கும்னு சொன்னாங்க. முதுகைச் சாய்ச்சுட்டு நிக்கலாமா?"

"தாராளமா டாக்டர்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார் அணு. "எதையும் திருகாதீங்க, அவ்வளவுதான்."