பழைய பெல்ட்டும் புதுப் பேத்தியும்

காரில் கூலன்ட் ஒழுகியது வாட்டர் பம்ப்பிலிருந்து. அதை மாற்ற இன்ஜினின் டைமிங் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். பட்டறைக்காரர், கார்க்காரரின் மனைவிக்குத் தம்பி. கழற்றிய பெல்ட்டை மடித்துக் காட்டினார், எங்கும் விரிசல்.

“அத்தான், கையோட இதையும் மாத்திடலாம். ஆனா புதுசு நாளைக்குத்தான் வரும்.”

“ஆரம்பிச்சிட்டியா மச்சான்! ஒழுகுதுன்னு வந்தா இன்ஜினையே பிரிச்சுப் போடறே. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பொண்ணையும் பேத்தியையும் கூட்டிட்டு வரணும். பழசையே மாட்டு.”

“மாட்டறேன். அறுந்தா இன்ஜின் காலி. எங்க வச்சு அறும்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

கூட வந்திருந்த மனைவி பெல்ட்டை வாங்கி வளைத்துப் பார்த்தாள். “பச்சைக் குழந்தையோட நடுரோட்டுல நிக்க என்னால ஆகாது. தம்பி, புதுசே போடு. சாயங்காலத்துக்கு உன் வண்டியை எடு.”

மாலையில் பட்டறையின் சரக்கு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. தம்பி ஓட்ட, மகளும் குழந்தையும் மனைவியும் முன்சீட்டை நிறைத்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்தது பின்னால், பழைய டயர்களுக்கு நடுவே ஓர் இடம்.

“அத்தான், உள்ளூர் ராஜா மாதிரி இருக்கீங்க!”

“மெதுவா ஓட்டுடா, என் பேத்தி தூங்கறா!”

அவர் போட்ட கத்தலில் பேத்தி விழித்துக்கொண்டாள். வீடு வரும்வரை வண்டியில் ஒரே அழுகை, ஒரே சிரிப்பு.